முற்றும் அறிந்தவனை அன்றாடப் பொருள்களில் நினைத்தல்

கிராமத்திலே இருவருக்கிடையில் ஒரு பிணக்கு வந்துவிட்டால், குற்றஞ் சாட்டப்பட்டவர் முதலிற் சொல்லும் வார்த்தை "கடவுளறிய நான் எடுக்கேல்லை" என்பதாகும். செய்த உதவியைப் பெற்றவர் மறந்துவிட்டால், உதவியவர் "அவர் மறந்தாலும் கடவுளுக்குத் தெரியும்" என்று மனந்தேறுகின்றார். இவ்வாறு சொல்பவர்களிற் பலர் சித்தாந்த சாத்திரங்களை முறையாகக் கற்றவர்களல்லர். எனினும் சைவ சமயத்தின் ஆழமான உண்மையொன்று அவர்களுடைய நாவிலே நாளாந்தம் வாழ்ந்து வருகின்றது. இறைவன் எல்லாம் அறிபவன் என்பதே அவ்வுண்மை.

ஆயினும் நாவில் இருப்பது நெஞ்சில் எப்பொழுதும் நிலைப்பதில்லை. மூலஸ்தானத்துத் தீபாராதனையின்போது கண்ணீர் மல்கக் கைகூப்பி நிற்கும் அதே மனிதர், கோபுர வாசலைத் தாண்டி வீதியில் இறங்கியதும் தம்மை ஒருவரும் பார்க்கவில்லை என்ற எண்ணத்துடன் நடக்கத் தொடங்கிவிடுகின்றார். அந்த மறதியைப் போக்கும் வழிகளைப் பெரியோர் பலவாறு காட்டியுள்ளனர். அவற்றுள் எளியதொன்று, அன்றாடம் கண்ணிற் படும் பொருள்களையே நினைவூட்டிகளாகக் கொள்ளுதல். அத்தகைய சில பொருள்களை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இறைவனின் எண்குணங்கள்

சைவ ஆகமங்கள் இறைவனுக்கு எட்டுக் குணங்களைக் கூறுகின்றன. அவை தன்வயத்தனாதல், தூய உடம்பினனாதல், இயற்கை உணர்வினனாதல், முற்றும் உணர்தல், இயல்பாகவே பாசங்களின் நீங்குதல், பேரருளுடைமை, முடிவிலாற்றலுடைமை, வரம்பிலின்பமுடைமை என்பன. திருவள்ளுவரும் கடவுள் வாழ்த்து அதிகாரத்திலே இறைவனை வாலறிவன் என்றும் எண்குணத்தான் என்றும் பெயரிட்டு அழைத்துள்ளார். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் பெருமான் (1822 - 1879) பிள்ளைகளுக்காக எழுதிய சைவ வினாவிடையிலும் சிவபெருமான் எல்லாம் அறிபவர் என்ற பாடம் தொடக்கத்திலேயே வைக்கப்பட்டுள்ளது. சமயத்தின் முதலாம் பாடமாகச் சிறு பிள்ளைக்குச் சொல்லப்படும் இவ்வுண்மை, முதுமை வரையும் கற்று முடியாத பாடமாகவும் இருக்கின்றது.

எட்டுக் குணங்களுள் முற்றும் உணர்தலும் பேரருளுடைமையும் ஒருங்கே சொல்லப்பட்டிருத்தல் சிந்திக்கத்தக்கது. எல்லாம் அறிந்தும் அருள் இல்லாதவனாயின் அவன் வெறும் ஒற்றனாவான். அருள் இருந்தும் அறிவு இல்லாதவனாயின் யாருக்கு எது தேவை என்பதை அறியாது திகைப்பான். இறைவனோ அறிந்து அருள்பவன். ஆகையால் அவன் அறிகின்றான் என்ற நினைவு அச்சத்தையும் தரவேண்டும், ஆறுதலையும் தரவேண்டும். இவ்விரண்டில் ஒன்றை விட்டு மற்றொன்றைப் பிடிப்பவர் பாதியையே பிடித்தவராவர்.

சிற்றறிவும் பேரறிவும்

பதி, பசு, பாசம் என்னும் மூன்றனுள் பாசம் அறிவற்றது. பசுவாகிய ஆன்மா அறிவித்தால் அறியும் சிற்றறிவுடையது. பதியாகிய இறைவன் ஒருவர் அறிவிக்க வேண்டாது தானே அறியும் பேரறிவுடையவன். இதனை விளக்குவதற்குச் சித்தாந்த ஆசிரியர்கள் கையாண்ட உவமை ஒவ்வொருவருடைய முகத்திலும் இருக்கின்றது. அதுவே கண்.

கண்ணுக்குப் பார்வை உண்டு. ஆயினும் இருட்டறையிலே அது எதனையும் காணாது. விளக்கு வந்த பின்னரே காணும். விளக்கு இருந்தாலும் ஆன்மா அதனோடு பொருந்தி நில்லாவிடிற் காணாது. மனம் வேறிடத்தில் இருக்கும்போது எதிரே வந்தவரையும் அறியாது போவது எல்லோருக்கும் பழக்கமானது. இவை அனைத்தும் கூடினாலும், ஒருவர் தம் முதுகைத் தாமே காண்பதில்லை. கண் தன்னைத் தானே காண்பதுமில்லை. கண்ணாடி அணியும் வயது வந்துவிட்டால் நேற்றுவரை வாசித்த பஞ்சாங்கத்தின் எழுத்தும் இன்று மங்குகின்றது. கண்ணுக்கு ஒளியும் ஆன்மாவும் துணை நிற்பதுபோல, ஆன்மா ஒன்றை அறிவதற்கு இறைவன் உள்ளிருந்து துணை நிற்கின்றான் என்பது சித்தாந்தம். அதாவது, நாம் அறிவதையெல்லாம் நம்முடன் நின்று அவனும் அறிகின்றான். காலையில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து அணியும் ஒவ்வொரு முறையும் இந்த உண்மையை நினைத்துக்கொள்ளலாம்.

வளவிலே நிற்கும் பனை

வேலியோரத்துப் பனை மற்றொரு பாடத்தைச் சொல்கின்றது. ஆடி, ஆவணியில் விழும் பனம்பழத்தின் கொட்டைகளைப் பாத்தி கட்டிப் புதைத்துவிட்டு வீட்டார் தம் வேலையைப் பார்க்கச் சென்றுவிடுவர். முளையானது மேல்நோக்கி வராமல் முதலில் மண்ணுக்குள் கீழ்நோக்கி இறங்கும். வெளியில் நிற்பவருக்கு அங்கு எதுவும் நடைபெறுவதாகத் தெரியாது. தை, மாசியிலே பாத்தியைக் கிண்டும்போதுதான் எந்தக் கொட்டை கிழங்கு வைத்தது, எது வைக்கவில்லை என்பது தெரியவரும்.

இதனிலும் வியப்பானது ஒன்றுண்டு. பனையில் ஆண்மரமும் பெண்மரமும் வேறுவேறு. பெண்பனையே காய்க்கும். ஆனால் வடலியாக நிற்கும்போது அது ஆணா பெண்ணா என்பதை எந்த அனுபவசாலியாலும் பார்த்துச் சொல்ல முடியாது. பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள், சிலவேளை அதற்கு மேலும், காத்திருந்து பாளை தள்ளிய பின்னரே அறியலாம். நட்டவர் அதனை அறியாமலே கண்மூடிவிடுவதும் உண்டு. மனிதன் அறியப் பதினைந்து ஆண்டு வேண்டிய செய்தி, கொட்டை மண்ணில் விழுந்த நாளிலேயே படைத்தவனுக்குத் தெரிந்திருந்தது.

பிள்ளைகளின் எதிர்காலத்தை எண்ணிக் கலங்கும் பெற்றோர் வடலியைப் பார்க்க வேண்டும். சாதாரண தரப் பரீட்சையில் ஒரு பிள்ளை குறைந்த பெறுபேறு எடுத்துவிட்டால், அதன் வாழ்க்கை முழுவதையும் அறிந்துவிட்டவர்போல "இவன் உருப்படமாட்டான்" என்று சொல்லிவிடுகின்றார்கள். வடலியைப் பார்த்து ஆண், பெண் சொல்ல முடியாத மனிதர், பதினாறு வயதுப் பிள்ளையின் முடிவைச் சொல்வது எங்ஙனம்? உள்ளே வளர்வதை அறிந்தவன் ஒருவன் இருக்கின்றான் என்று நம்பி நீர் ஊற்றுவதே பெற்றோர் கடன்.

கிணறு சொல்லும் செய்தி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரியிலே மட்டும் ஓடுவது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையைச் சுண்ணக்கற்பாறை உள்வாங்கி வைத்திருக்க, அந்நீரைக் கொண்டே ஊர்கள் வாழ்கின்றன. சுண்ணக்கல் வெடிப்புகளும் துவாரங்களும் நிறைந்தது. ஆதலால் ஒரு வளவில் நிலத்துக்குள் இறங்குவது அந்த வளவோடு நின்றுவிடுவதில்லை. தோட்டத்திற் கூடுதலாகப் போடப்படும் யூரியாவும், மலசலகூடக் குழியிலிருந்து கசிவதும் நிலத்தடி நீரிற் கலந்து, நைத்திரேற்றாகப் பல கிணறுகளில் வெளிப்பட்டிருப்பதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக எடுத்துக் கூறி வருகின்றனர். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமை மிஞ்சக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அந்த அளவைத் தாண்டிய நீர் பார்வைக்குத் தெளிந்தே இருக்கும். வாயிலும் வேறுபாடு தெரியாது. பாதிப்பு முதலில் வருவது பால் மா கரைத்துக் கொடுக்கப்படும் பச்சிளங் குழந்தைக்கே.

தன் வளவுக்குள் தான் செய்வதை எவரும் காணார் என்று ஒருவர் எண்ணலாம். மண் அதனை மறைத்து வைப்பதில்லை. அயலவரின் வாளியில் அது ஏறி வருகின்றது. மண்ணுக்கே மறைக்க முடியாததை, மண்ணையும் நீரையும் தன் திருமேனியாகக் கொண்ட அட்டமூர்த்தியிடம் மறைக்க இயலுமா? உரம் அளவோடு இடுவதும், குழியைக் கிணற்றிலிருந்து போதிய தூரத்தில் அமைப்பதும் சுகாதாரப் பரிசோதகருக்காக மட்டும் செய்யும் காரியங்களல்ல, அவையும் சிவபுண்ணியங்களே.

நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றை அறியாதவர் வடபகுதியில் இல்லை. அதன் மேற்பகுதியில் நன்னீர்; ஆழஞ் செல்லச் செல்ல உவர். மேலே அள்ளுபவர் நன்னீரையே கண்டு செல்வர். மனித உள்ளமும் அத்தகையதே. உலகம் அள்ளுவது மேல்நீரை. அடியில் இருப்பது உவரா, நன்னீரா என்பதை அறிபவன் இறைவன் ஒருவனே. ஆகையால் பிறர் புகழும்போது மகிழ்ந்து மயங்கவும் வேண்டியதில்லை; பிறர் பழிக்கும்போது சோர்ந்து விழவும் வேண்டியதில்லை.

அடையாள அட்டையும் சித்திரபுத்திரனார் ஏடும்

சட்டைப் பையிலும் கைப்பையிலும் எல்லோரும் கொண்டு திரியும் தேசிய அடையாள அட்டையைப் பலர் ஊன்றிப் பார்ப்பதில்லை. பழைய அட்டையின் இலக்கம் ஒன்பது எண்களும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்டது. முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று எண்கள் அந்த ஆண்டில் எத்தனையாம் நாள் பிறந்தவர் என்பது. பெண்களாயின் அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். 58532 என்று தொடங்கும் இலக்கத்தைக் கண்டவுடன், இவர் 1958ஆம் ஆண்டு பெப்ரவரி 1ஆம் திகதி பிறந்த பெண்மணி என்று விடயமறிந்த ஓர் இலிகிதர் சொல்லிவிடுவார். 2016ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் பன்னிரண்டு எண் இலக்கத்தில் ஆண்டு முழுமையாக நான்கு எண்களிலே வருகின்றது. முன்பின் பார்த்திராத ஒருவர் ஒரு வரி எண்ணைக் கொண்டு இவ்வளவு அறிகின்றார் என்றால், அவ்வெண்ணை உடையவரின் ஒவ்வொரு மூச்சுக்கும் உடனிருப்பவன் எவ்வளவு அறிவான்!

ஆனாலும் அந்த இலக்கம் சொல்லாதவை எத்தனை! அந்தப் பெண்மணி எத்தனை முறை இடம்பெயர்ந்தாள், எத்தனை இரவு பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டுத் தான் பட்டினியாகப் படுத்தாள், யாரை மன்னித்தாள் என்பவை எந்தக் கச்சேரியின் எந்தக் கோவையிலும் இல்லை. அவை எழுதப்பட்டிருக்கும் இடம் வேறு.

சித்திரா பௌர்ணமி நாளிலே ஊர்க் கோயில்களிற் சித்திரபுத்திரனார் கதை படித்துக் கஞ்சி வார்க்கும் வழக்கம் தொன்றுதொட்டு இருந்து வருகின்றது. தாயை இழந்தவர்கள் விரதமிருக்கும் நாளும் அதுவே. உயிர்களின் புண்ணிய பாவங்களை ஏட்டிலே எழுதி வைப்பவர் சித்திரபுத்திரனார் என்பது கதை. இங்கே இளைஞர் சிலர் கேட்கும் கேள்வியொன்றுண்டு. இறைவன் எல்லாம் அறிபவன் எனின், அவனுக்குக் கணக்குப்பிள்ளையும் ஏடும் எதற்கு?

கேள்வி நியாயமானது. பதிவேடு வேண்டப்படுவது மறதியுள்ளவனுக்கே. அலுவலகங்களிற் கோவைகள் மலைபோலக் குவிந்திருப்பதற்குக் காரணம் மனிதரின் நினைவு நம்பத்தகாதது என்பதேயாகும். மறதியற்ற இறைவனுக்கு ஏடு வேண்டியதில்லை. அந்த ஏடு மறக்கும் மனிதனுக்காகக் காட்டப்பட்டது. ஆண்டிலொரு நாள் அக்கதையைக் கேட்கும்போது, தன் பக்கத்தில் என்ன எழுதப்பட்டிருக்கும் என்று ஒவ்வொருவரும் உள்ளே புரட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே பெரியோர் அப்படிப்பினை ஏற்படுத்தினர். கஞ்சி குடித்துவிட்டு ஏட்டை மறந்துவிடுபவர் கதையின் பயனை இழந்தவராவர்.

கோயிலிலே காணும் நினைவூட்டிகள்

கிராமத்துக் கோயில்களிற் பெரும்பாலும் பிள்ளையாரே முதலிற் காட்சி தருகின்றார். அவருடைய முறம்போன்ற செவிகள் உரத்த தோத்திரத்தை மட்டும் கேட்பனவல்ல. சொல்லவியலாது தொண்டையில் அடைத்து நிற்கும் வேண்டுதலையும் கேட்பன. சிவபெருமானுக்குச் சூரியன், சந்திரன், அக்கினி என்பனவே முக்கண்கள் என்பர். பகலில் ஒன்று, இரவில் ஒன்று, வீட்டடுப்பிலும் ஒன்று. அக்கண்கள் படாத நேரமும் இடமும் எவை?

கந்தசஷ்டி முடிவிலே சூரன்போர் பார்க்கச் சிறுவர் முதல் முதியோர் வரை திரள்கின்றனர். யானைமுகம், சிங்கமுகம், சூரன்முகம் என்று தலை மாறிமாறி வரும் காட்சியிலே பிள்ளைகள் ஆரவாரிப்பர். ஈற்றிலே சூரபன்மன் கடல் நடுவே மாமரமாகி ஒளிந்து நிற்கின்றான். வேலாயுதம் அம்மரத்தையும் கண்டு பிளக்கின்றது. பிளந்த இரு கூறுகள் சேவலும் மயிலுமாகி முருகனைச் சார்கின்றன. இதிலே இரண்டு உண்மைகள் உள. ஞானமாகிய வேலின்முன் எந்த வேடமும் நில்லாது என்பது ஒன்று. முழுதும் அறிந்தபின்னும் இறைவன் பகைவனையும் ஒதுக்காது கொடியாகவும் வாகனமாகவும் ஏற்றுக்கொண்டான் என்பது மற்றொன்று. தன் குற்றங்களை இறைவன் அறிவான் என்று அஞ்சிக் கோயிலுக்கு வராது ஒதுங்கி நிற்பவர்கள் இரண்டாவது உண்மையை மறவாதிருக்க வேண்டும்.

அண்மைக் காலத்திலே பல கோயில்களிற் கண்காணிப்புக் கமராக்கள் பூட்டப்பட்டுள்ளன. உண்டியல்களும் விக்கிரகங்களும் களவு போகும் காலத்திலே அது தேவையானதே. ஆயினும் கமராவைக் கண்டவுடன் சட்டையைச் சரிசெய்து அடக்கமாக நடப்பவர், அதே இடத்திலே மூலமூர்த்தியின் திருக்கண்கள் இருப்பதை நினைத்து அவ்வாறு நடந்ததுண்டா என்று எண்ணிப் பார்க்கலாம். கமரா மின்சாரம் தடைப்பட்டாற் குருடாகும். அதன் பதிவு சில நாட்களில் அழிந்துபோகும். அது கையைக் காணும்; கருத்தைக் காணாது. ஐயாயிரம் ரூபாய்த் தாளை நாலுபேர் பார்க்க உண்டியலிற் போடும் கையும், முந்தானையில் முடிந்து வைத்த இருபது ரூபாயைக் கண்களில் ஒற்றிப் போடும் கையும் அதற்கு ஒன்றே. இறைவனுக்கு ஒன்றல்ல.

கோயிற் கணக்கு வைப்போரும் இதனை உளங்கொள்ளல் வேண்டும். "சுவாமிக்குத் தெரியும்தானே, பற்றுச்சீட்டு எதற்கு?" என்று சிலர் சொல்வதுண்டு. அது பக்தியன்று, சோம்பல். சுவாமிக்குத் தெரியும் என்பதனாற்றான் பற்றுச்சீட்டும் அடிக்கட்டையும் கணக்கும் ஒன்றோடொன்று சதம் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். கணக்கு அடியாரின் நம்பிக்கைக்கு. அக்கணக்கு உண்மையாயிருத்தல் ஆண்டவனின் அறிவுக்கு.

உள்ளத்துள் எழுந்த கோயில்

சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்திலே பாடிய அறுபத்துமூவருட் பூசலார் நாயனாரும் ஒருவர். தொண்டை நாட்டுத் திருநின்றவூரில் வாழ்ந்த அவருக்குச் சிவபெருமானுக்கு ஓர் ஆலயம் எடுக்க வேண்டும் என்ற ஆசை. எங்கும் அலைந்து தேடியும் பொருள் கிடைக்கவில்லை. ஆகவே நெஞ்சிலேயே கோயில் கட்டத் தொடங்கினார். கல்லும் மரமும் நினைவிலே சேர்த்தார். தச்சரையும் நினைவிலே தேடினார். நல்ல நாட் பார்த்து அத்திவாரம் இட்டார். இரவிலும் உறங்காது விமானம் உயர்த்தினார், சிகரம் வைத்தார், கிணறு தோண்டினார், மதில் எழுப்பினார். பின்னர்ப் பிரதிட்டைக்கு நாளும் குறித்தார்.

அதே நாளிற் காஞ்சியிலே காடவர்கோன் தான் பெரும்பொருள் செலவிட்டு எடுத்த கற்றளிக்குக் குடமுழுக்கு வைத்திருந்தான். முதல்நாள் இரவு இறைவன் அரசனின் கனவிலே தோன்றி, அன்பன் ஒருவன் எடுத்த ஆலயத்திலே நாளை தான் புகவிருப்பதால், நின் விழாவை வேறொரு நாளுக்கு மாற்றுக என்று அருளினார். அரசன் திருநின்றவூருக்கு வந்து பூசலார் எடுத்த கோயில் எதுவென்று வினவினான். அப்படி ஒரு கோயில் இங்கில்லை என்றனர் ஊரவர். அடுத்த வீட்டாரும் அறியாத கோயில் அது. பூசலாரைக் கண்டு கேட்டபோது, அவர் தம் நெஞ்சில் எடுத்த கோயிலை நாணத்துடன் சொன்னார். அரசன் நிலத்திலே வீழ்ந்து வணங்கிச் சென்றான்.

கோயில் மலர்களின் பக்கங்களிலே உபயகாரர்களின் பெயர்கள் அச்சாவது வழக்கம். வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பியோர், மணி, விளக்கு, வாகனம் உபகரித்தோர் பெயர்களெல்லாம் வரும். அது முறையே, கொடுத்தவரை நன்றியோடு நினைத்தல் அறம். ஆனால் எந்தப் பட்டியலிலும் வராத பெயர்கள் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. விடியுமுன் வந்து வீதி கூட்டிவிட்டுப் போகும் அம்மா, மாலை கட்டப் பூப்பறித்துத் தரும் பிள்ளை, மகோற்சவத்தில் எச்சில் இலை எடுக்கும் தம்பி, கொடுக்க ஒன்றுமில்லையே என்று வெளிவீதியில் நின்று கண்ணீர் வடிக்கும் முதியவர். இவர்களின் பெயர்களை அச்சுக்கூடம் அறியாது. பூசலாரின் கோயிலைத் திருநின்றவூரும்தான் அறியவில்லை. அறிய வேண்டியவன் அறிந்திருந்தான்.

அறிந்தும் ஏன் தடுக்கவில்லை?

இவ்விடத்திலே ஒரு கேள்வியைத் தாண்டிச் செல்ல முடியாது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கியபோது கரையோரத்திலே குழந்தைகளைப் பறிகொடுத்த தாய்மார் கேட்டது அந்தக் கேள்வியே. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிந்த போரிலே உறவுகளை இழந்தோர் கேட்பதும் அதுவே. எல்லாம் அறிந்த இறைவன் அறிந்தும் ஏன் தடுக்கவில்லை?

இக்கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்பவர் துயரை அறியாதவர். அறிதல் வேறு, செய்வித்தல் வேறு என்பது சித்தாந்தம். சூரியன் முன்னிலையிலே தாமரை மலர்கின்றது; வேறொரு பூ வாடுகின்றது; அதனாற் சூரியனுக்கு விருப்பு வெறுப்பு இல்லை. உயிர்கள் தம் இச்சையாற் செயற்படுகின்றன. ஒருவர் செய்யும் கொடுமை அவருடைய கொடுமையே. அதனை இறைவன் தலையிற் சுமத்துவது தகாது. இவ்வாறு சாத்திரம் விளக்கும். ஆயினும் பிள்ளையை இழந்த தாயின்முன் சென்று "அது உன் வினை" என்று சொல்லுதல் சமயமாகாது. வினைக்கொள்கை ஒருவர் தம்மைத் திருத்திக்கொள்வதற்குச் சொல்லப்பட்டது. அடுத்தவரின் காயத்திலே உப்பிடுவதற்குச் சொல்லப்பட்டதன்று. துயருற்றவர் பக்கத்திலே மௌனமாக இருந்து, ஒரு நேரச் சோறு கொண்டுபோய்க் கொடுப்பதே அவ்வேளையிற் செய்யத்தக்க சிவதொண்டு.

2017ஆம் ஆண்டு பெப்ரவரியிலே, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலிலே தொடர் போராட்டம் தொடங்கினர். மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த தாய்மாரிற் சிலர் விடை கிடைக்காமலே கண்மூடிவிட்டனர். அத்தாய்மாருக்கு மகன் எங்கே என்பது தெரியாது. அயலாருக்கும் தெரியாது. ஆனால் அறிந்தவன் ஒருவன் இருக்கின்றான். அந்தப் பிள்ளை ஒரு கணமேனும் அவன் அறிவை விட்டு நீங்கியதில்லை. தாயின் ஒரு துளிக் கண்ணீரும் நீங்கியதில்லை. மனிதர் அறியாததெல்லாம் இல்லாமற் போனதல்ல என்பதே முற்றும் உணர்தல் என்ற குணம் அந்தத் தாய்க்குத் தரும் பற்றுக்கோடு.

அந்நினைவு மறுபக்கத்திலும் செல்லும். உண்மையை அறிந்தும் வாய்மூடி இருப்பவர்களையும் அவன் அறிவான். ஆகையாற் "கடவுளுக்குத் தெரியும்" என்ற வார்த்தையை, மனிதர் தேட வேண்டிய உண்மையைத் தேடாது விடுவதற்கு ஒரு சாட்டாக எவரும் கொள்ளலாகாது.

நாளாந்தப் பயிற்சி

அறிந்த உண்மை பழக்கத்தில் வருவதற்குச் சில எளிய வழிகள் உள்ளன.

1. காலையில் திருநீறு தரிக்கும்போது, "இன்று முழுவதும் நீ அறிய நடப்பேன்" என்று ஒரு கணம் நினைத்தல்.

2. கடையில் தராசைக் காணுந்தோறும், நிறுப்பவரும் வாங்குபவரும் முள்ளுக்கு மேலாக ஒரு சாட்சி உண்டென்று எண்ணுதல். மிச்சக்காசு கூடுதலாக வந்தால் உடனே திருப்பிக் கொடுத்தல்.

3. கைத்தொலைபேசியிலே ஒருவரைப் பற்றிய செய்தியை மற்றவருக்கு அனுப்புமுன், அனுப்புபவரின் பெயர் மறைந்திருந்தாலும் மனம் மறையாது என்பதை நினைத்து ஒருமுறை நிறுத்தல்.

4. பிறர் அறியாத நற்செயலொன்றை நாள்தோறும் செய்து, அதனைச் சொல்லாதிருத்தல். சொல்லாதிருப்பது செய்வதைவிடக் கடினம் என்பதைச் செய்து பார்த்தவர் அறிவர்.

5. இரவில் விளக்கணைக்கும்போது, அன்றைய நாளை ஏடுபோலப் புரட்டிப் பார்த்தல். பிழை இருந்தாற் கூசாது ஒப்புக்கொள்ளல். அறிந்தவனிடம் ஒளிக்க ஒன்றுமில்லை. துயரிருந்தால் அவனிடம் வைத்துவிட்டு உறங்குதல். அறிந்தவனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதுமில்லை.

பிள்ளைகளுக்கு இவற்றைச் சொல்லும்போது கவனம் வேண்டும். "சாமி கண்ணைக் குத்தும்" என்று பயமுறுத்தி வளர்த்த பிள்ளை, பயம் தெளியும் வயதிலே சாமியையும் விட்டுவிடுகின்றது. பள்ளிக்கூடத்தால் வரும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே "என்னடா நடந்தது?" என்று கேட்கும் தாயைக் காட்டி, அம்மாவுக்குத் தெரிவதுபோலச் சாமிக்கும் தெரியும் என்று சொல்லுதல் நன்று. தாய் அறிகின்றாள் என்பதாற் பிள்ளை பொய்சொல்ல அஞ்சுகின்றது. தாய் அறிகின்றாள் என்பதாலேயே அழுவதற்கும் அவளிடமே ஓடுகின்றது. முற்றும் அறிந்த இறைவனிடம் அடியவர் கொள்ள வேண்டிய உறவும் அதுவே.

வடலியும் கிணறும், அடையாள அட்டையும் தராசும், கோயில் மணியும் கமராவும் இனிமேற் கண்ணிற் படும்போதெல்லாம் அவனுடைய பேரறிவை நினைவூட்டுமாக. கண்டார் முன்னும் காணார் பின்னும் ஒரே மனிதராய் வாழும் உறுதியையும், யாரும் அறியாத துயரிலே தனித்தல்லோம் என்ற தேறுதலையும் அடியவர் அனைவருக்கும் தந்தருளுமாறு எல்லாம் அறிந்த எம்பெருமானின் திருவடிகளை இறைஞ்சுவோமாக.

சுபம்